காம்போடு பறித்த அரளி

டெல்லியிலிருந்து நடத்தப்பட்ட அந்த உயிரியல் போட்டி மூன்று கட்டமாக நடந்தது. முதலில் எழுத்துத் தேர்வு. நாடு முழுவதும் ஒரே நாளில், அவரவர் பள்ளியிலேயே உட்கார்ந்து எழுதலாம். அதில் தேறியவர்களுக்குச் செய்முறைத் தேர்வு உண்டு. அதற்கு மட்டும் சில ஊர்களில்தான் மையம். அதிலும் தேறுகிற மிகச் சிலரை நேர்முகத்துக்குக் கூப்பிடுவார்கள். அதில் தேர்வானால் மேற்படிப்பு முழுவதற்கும் உதவித்தொகை கிடைக்கும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. எங்கள் மாணவிகள் ஆண்டுதோறும் எழுத்துத் தேர்வில் தேறுவார்கள். அதோடு நின்றுவிடுவார்கள். காரணம், செய்முறைத் தேர்வு மையம் சென்னையில் இருந்தது. பதினைந்து வயதுப் பெண்ணைக் காலைப் பஸ்ஸில் ஏற்றி மாலைப் பஸ்ஸில் எதிர்பார்த்து நிற்க எந்த வீட்டிலும் மனம் வரவில்லை. அழைப்புக் கடிதத்தை மடித்து சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார்கள். அவ்வளவுதான்.

எங்கள் ஊரிலும் ஒரு மையம் வேண்டும் என்று எழுதத் தொடங்கினேன். பதில் வராததால் மறு ஆண்டும் எழுதினேன். கடைசியில் ஓர் ஆண்டு சோதனையாகத் தருவதாகக் கடிதம் வந்தது. அதில் நிபந்தனைகள் இருந்தன. எல்லா மேசைகளிலும் ஒரே வகைப் பொருள் இருக்க வேண்டும். விடைத்தாளில் பெயர் கூடாது, எண் மட்டுமே. சென்னையிலிருந்து ஒரு பார்வையாளர் வருவார். அவர் குறை என்று ஒரு வரி எழுதினாலும் எங்கள் மையத்தின் தேர்வு செல்லாது. மாணவர்கள் எல்லோரும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்னைக்குச் சென்று மறுபடி எழுத வேண்டும்.

அந்தக் கடைசி நிபந்தனையை வேறு எதையும்விட அதிக முறை படித்தேன். ஏனென்றால் அந்த ஆண்டு எங்கள் பள்ளியில் தேறியவள் ஒருத்திதான். பிள்ளையார்பாளையத்து நெசவாளரின் மகள். அவளை அனுப்பச் சொல்லிக் கேட்க நானே அவள் வீட்டுக்குப் போனேன்.

தறி நடுக்கூடத்தில் இருந்தது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று இருக்கிற புடவையை ஒருவராக நெய்ய முடியாது. ஒருவர் ஒரு பக்கத்திலிருந்து ஊடைநூல் சுற்றிய நாடாவைத் தள்ளினால், மறுகரையில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் திருப்பித் தள்ள வேண்டும். மறுகரையில் உட்காருவது அவள்தான். அவள் எழுந்தால் தறி நிற்கும்.

"முகூர்த்தப் பொடவை டீச்சர்," என்றார் அவள் அப்பா, கையை நிறுத்தாமல். "பெரிய எடத்துக் கல்யாணம். செவ்வாக்கெழம அறுத்துக் குடுக்கணும். அமாவாசைக்குத்தான் எங்க தறிக்கு லீவு. அந்தப் பரிட்சையை அமாவாசையில வெக்கச் சொல்லுங்களேன்."

"டெல்லில இருக்கிறவங்களுக்கு நம்ம அமாவாசை எங்கப்பா தெரியும்?" என்றாள் மகள் மறுபக்கத்திலிருந்து.

"நீ கரையைப் பாரு. பேச்சைப் பாரு, டெல்லியாம்." அவர் சிரித்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு நாளு. இந்த ஊர்லன்னா ஒரு நாளு தறி நிக்கட்டும். நானே கூட்டிக்கினு வந்து கேட்டாண்ட உக்காந்துக்கினு இருக்கறேன். ஆனா மெட்ராஸு, அடுத்த வாரம், இன்னொரு வாட்டின்னு வந்து நிக்காதீங்க. அது ஆவாது."

நான் சரி என்றேன். அந்தச் சொல்லைக் காப்பாற்றுவது என் பொறுப்பாகிவிட்டது.

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, தலைமையாசிரியை முன்னிலையில், பொருட்பட்டியல் இருந்த உறையைப் பிரித்தேன். விலங்கியலுக்கான கண்ணாடி ஸ்லைடுகள் சீல் வைத்த பெட்டியில் பார்வையாளரோடு வரும். நாங்கள் தேட வேண்டியது பூ மட்டும். 'ஒற்றை நந்தியாவட்டை அல்லது ஒற்றை அரளி. ஒவ்வொருவருக்கும் மலர்ந்த பூ இரண்டு, மொட்டு ஒன்று. எல்லோருக்கும் ஒரே நிறம்.' பூவை நீளவாக்கில் வெட்டி, பாகங்களைப் பிரித்து, சூற்பையைக் குறுக்கே அறுத்து வரைய வேண்டும். மொட்டு, இதழ்கள் சுருண்டிருக்கும் முறையைக் காட்ட மட்டும்.

பள்ளித் தோட்டத்தில் இருந்தது அடுக்கு நந்தியாவட்டை. அதில் இதழ்கள் கணக்கில்லாமல் இருக்கும்; பரீட்சைக்கு உதவாது. ஊரில் வீட்டுக்கு வீடு இருப்பதும் அதுதான். ஒற்றை நந்தியாவட்டை வரிசையாக இருந்த ஓர் இடம் எனக்குத் தெரியும். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு சிறிய சிவன் கோயிலின் நந்தவனம். அதைப் பார்த்துக்கொண்டவர் வயதான பூக்காரர். அந்தச் செடிகளில் பிறர் கை வைக்க விடமாட்டார்.

"இன்னா பண்ணுவீங்க பூவை வெச்சிக்கினு?" என்று கேட்டார்.

"பிள்ளைகள் அறுத்துப் பார்த்துப் படம் வரைவாங்க."

"பூவை அறுக்கிறதுக்கு ஒரு பரிட்சையா!" சற்று யோசித்தார். "சரி, படிப்புன்னா அதுவும் சாமிதான். கசங்காம, கீழ விழாம, சாமிக்குப் பறிக்கிற மாரியே பறிச்சு நானே கொண்டாந்து தரேன். கவலப்படாதீங்க."

அதைக் கேட்டு நான் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சோதனைக்கூடத்துக்குப் போய்விட்டேன். மேசைகளில் எண் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு மேசையிலும் மெழுகுத் தட்டு, குண்டூசிகள், இடுக்கி, ஊசி, சவர பிளேடு, லென்ஸ், தட்டை மூட ஒரு வெள்ளைத் துணி. யார் எந்த எண்ணில் உட்காருவது என்பதைப் பார்வையாளர் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார். அவர் முந்தின நாள் மாலையே வந்திருந்தார். ஒரு கல்லூரித் தாவரவியல் பேராசிரியர்; குறைவாகப் பேசுகிறவர். வந்த உடனே ஒவ்வொரு லென்ஸையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வைத்தார்.

பூக்குடலை வந்தது. ஈர வாழையிலையை விலக்கினேன். வெள்ளை வெளேரென்று, ஓர் இதழில்கூடக் கறை இல்லாத பூக்கள். ஒன்றை எடுத்துத் திருப்பினேன்.

அடியில் ஓட்டை இருந்தது.

புல்லி இல்லை. காம்பு இல்லை. சூற்பை இல்லை. வெறும் குழல்தான் கையில் இருந்தது. இன்னொன்றை எடுத்தேன், அதுவும் அப்படியே. குடலையை மேசையில் கவிழ்த்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். எல்லாமே அப்படித்தான்.

"காம்பு எங்கே ஐயா?" என்றேன்.

பூக்காரர் என்னை வேடிக்கையாகப் பார்த்தார். "காம்போட யாருமா பறிப்பாங்க? காம்பு ஒடிஞ்சா பால் வடியும். அது சாமி வஸ்திரத்துல பட்டா கறை, போவவே போவாது. இப்படி மேல புடிச்சு லேசா இழுத்தா பூ மட்டும் கழண்டுக்கினு வரும். செடிக்கும் நோவாது."

அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை. சாமிக்குப் பறிக்கிற மாதிரி பறித்திருந்தார். கோயிலுக்கு எது பூவோ அது வந்திருந்தது. பரீட்சைக்கு எது பூவோ அது செடியிலேயே நின்றுவிட்டது.

"செடியில வேற பூ இருக்குதா?"

"ஒண்ணு விடாம உங்களுக்குத்தானம்மா பறிச்சேன்! இன்னிக்கு சாமிக்கே தும்பைதான். இனிமே சாயங்காலம்தான் மொட்டு விரியும்."

பார்வையாளர் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அவர் ஒரு பூவை எடுத்து, குழலின் வழியாக ஜன்னலைப் பார்த்தார்.

"பூவுக்குப் பதிலாக மொட்டுகளையே வைக்கலாமா?" என்று கேட்டேன். "முதிர்ந்த மொட்டில் எல்லாப் பாகமும் இருக்கும்."

"மலர்ந்த பூ என்று எழுதியிருக்கிறது. மொட்டு வைத்தால் வைத்ததாக நான் எழுத வேண்டும். எழுதினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்." கடுமையாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் பயமாக இருந்தது. "பத்து மணிக்குத் தொடங்க வேண்டும். அதுவரை பொருளை மாற்றுவது உங்கள் உரிமை."

மீதி இருந்தது அரளி. ஆனால் விடிந்து இவ்வளவு நேரம் கழித்து இந்த ஊரில் அரளிப் பூ எங்கே இருக்கும்? கோயில் இல்லாத தெரு இல்லை. வேலிக்கு வெளியே எட்டிப் பார்க்கிற பூவைக்கூட வெளிச்சம் வருமுன் யாராவது பறித்துப் போய்விடுவார்கள். சோதனைக்கூட உதவியாளரை சைக்கிளில் அனுப்பினேன். இரண்டு தெரு சுற்றி வந்தார். ஒரு மேல்துண்டில் கொஞ்சம் பூ. சிவப்பும் வெள்ளையுமாகக் கலந்தது. அவற்றிலும் பாதிக்கு அடி இல்லை.

மணி எட்டு அடித்தது. யாரும் சாமிக்குப் பறிக்காத பூ எங்கே இருக்கும் என்று யோசித்தேன். கேள்வியை அப்படி வைத்ததும் பதில் தெரிந்துவிட்டது. வேகவதி ஆற்றங்கரைச் சுடுகாட்டின் ஓரம் செவ்வரளி அடர்ந்து கிடக்கும். பஸ்ஸில் போகும்போது எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். யாரும் தொடுவதில்லை என்பதால் எப்போதும் கொத்துக் கொத்தாக இருக்கும்.

உதவியாளரிடம் சொன்னேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "மாலை போட்டிருக்கறேன் டீச்சர். வேற எங்க வேணா அனுப்புங்க."

கத்தரிக்கோலையும் ஈரத்துணி விரித்த கூடையையும் எடுத்துக்கொண்டு நானே கிளம்பினேன். வாசலில் ஒரு ரிக்‌ஷா நின்றிருந்தது. இடத்தைச் சொன்னதும் ரிக்‌ஷாக்காரர் என் நெற்றியைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார்.

"யாராவது தவறிட்டாங்களாம்மா?"

"இல்லை. பூப் பறிக்கணும்."

"அங்கயா?"

"அங்கதான். சீக்கிரம் போங்க."

வழி முழுவதும் அவர் தனக்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே மிதித்தார். சுடுகாட்டுக்குச் சற்று முன்பே வண்டியை நிறுத்திவிட்டார். அதற்கு மேல் நடந்தேன். ஒரு சிதை எரிந்து அடங்கிப் புகைந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த வெட்டியான் எழுந்து நின்றார். பெண்கள் வராத இடம்.

"யாரும்மா அது? இங்கெல்லாம் வரக்கூடாது."

"பூவுக்கு வந்தேன். பள்ளிக்கூடத்துப் பரீட்சைக்கு."

அவர் நம்பவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. "பறிச்சுக்கோ. அந்தாண்ட போகாத, தணல் இருக்குது," என்று மட்டும் சொன்னார்.

காம்போடு வெட்டினேன். ஒவ்வொரு வெட்டுக்கும் பால் கசிந்தது, விரல்கள் பிசுபிசுத்தன. ஒவ்வொரு பூவையும் திருப்பி அடியைப் பார்த்த பிறகே கூடையில் வைத்தேன். புகை திசை மாறி என் பக்கம் வந்தபோதும் நிறுத்தவில்லை. மொட்டுகளையும் எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

பள்ளி வாசலில் தலைமையாசிரியை நின்றிருந்தார். சின்ன காஞ்சிபுரத்துக்காரர், ஆசாரமான குடும்பம். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"கூடை உள்ளே போகட்டும். நீங்க ஸ்நானம் பண்ணாம உள்ளே காலை வைக்காதீங்கோ," என்றார்.

வாதாட நேரம் இல்லை. சோதனைக்கூடத்துக்குப் பின்னால் இருந்த குழாயடியில் இரண்டு வாளித் தண்ணீரைப் புடவையோடு தலையில் ஊற்றிக்கொண்டேன். அந்த நாள் முழுவதும் நான் அந்த ஈரத்தோடுதான் நின்றேன்.

பார்வையாளர் பூக்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். புல்லி, அல்லி, மகரந்தம், சூற்பை. எல்லாம் ஒரே சிவப்பு. தலையசைத்தார். "பொருள் எங்கிருந்து வந்தது என்று படிவத்தில் எழுதுங்கள்."

'வேகவதி ஆற்றங்கரை' என்று எழுதினேன்.

அவர் என் தலையிலிருந்து சொட்டிய நீரைப் பார்த்தார். "ஆற்றங்கரையில் எந்த இடம் என்று அதில் கேட்கவில்லை," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சீட்டுக் குலுக்கினோம். சுற்றுவட்டாரப் பள்ளிகளிலிருந்து வந்த மாணவர்கள் உட்கார்ந்தார்கள். பூக்கள் தட்டுகளில், வெள்ளைத் துணிக்கு அடியில். மணி அடிக்கும்வரை யாரும் துணியை எடுக்கக் கூடாது. எங்கள் பள்ளிப் பெண்ணுக்கு ஜன்னலோர மேசை விழுந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் மூச்சு விட்டது அப்போதுதான்.

வெளியே ரிக்‌ஷாக்காரரின் குரல் கேட்டது.

"யப்பா, ஒரு வாளி தண்ணி குடுங்கப்பா! வண்டியக் கழுவணும். சுடுகாட்டுக்குப் போய்ட்டு வந்த வண்டி. கழுவாம எவன் ஏறுவான்?"

"சுடுகாட்டுக்கா? யாரு போனது?"

"உங்க டீச்சரம்மாதான். பரிட்சைக்குப் பூப் பறிச்சுக்கினு வந்தாங்க."

கேட்டவர் எங்கள் பெண்ணின் அப்பா. சொன்னபடியே வாசலருகே உட்கார்ந்திருந்தவர், அடுத்த நிமிடம் ஜன்னலுக்கு வெளியே நின்றார். நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன்.

"டீச்சர், நெசமா? அந்தப் பூவா?"

"ஆமாம்."

"எம் பொண்ணை அனுப்பிடுங்க. முகூர்த்தப் பொடவைன்னு சொன்னேனே உங்களாண்ட! நாளைக்கு இந்தக் கையாலதான அவ கரை தள்ளணும்? யாரு வீட்டுப் பொண்ணோ கட்டிக்கினு மணையில உக்காரப் போறா. அந்தத் துணியில இதைக் கொண்டாந்து படவெக்க சொல்றீங்களா?"

"நான் குளிச்சேன். அவளும் குளிச்சிடலாம்."

"உங்களுக்குக் குளிச்சா போவும். பட்டுக்குப் போவுமா?"

விதியை மட்டும் சொன்னேன். "இப்ப அவ எழுந்து வெளிய வந்தா மறுபடி உள்ள வர முடியாது. அவளுக்குப் பரீட்சை முடிஞ்ச மாதிரிதான்."

"முடியட்டும்," என்றார். ஆனால் குரல் அவ்வளவு உறுதியாக இல்லை. ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, துணி மூடிய தட்டையே பார்த்தபடி இருந்தாள். வெளியாளோடு பேசினால் விலக்கிவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பார்வையாளர் மணிக்கு அருகே நின்று எங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்.

அவள் எழுந்தாள்.

ஆனால் அவள் அப்பாவின் பக்கம் திரும்பவில்லை. "சார், ஒரு சந்தேகம்," என்றாள் பார்வையாளரிடம். "பூவைக் கையாலே தொடாம, இடுக்கியாலயும் ஊசியாலயுமே எல்லாம் செய்யலாமா?"

"இடுக்கி வேற எதுக்கு வெச்சிருக்கு? உட்காரும்மா," என்றார் அவர். உடனே மணியை அடித்தார். ஒரு நிமிடம் முன்னதாகவே அடித்தாரோ என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு.

அவள் அப்பாவிடம் மெதுவாகச் சொன்னேன்: "அதோ அந்த வேப்ப மரத்தடியில நில்லுங்க. அங்கேயிருந்து அவ கை தெரியும். தொட்டா நீங்களே கூப்பிடுங்க. நான் குறுக்க வரமாட்டேன்."

அவர் போய் நின்றார். கண்ணை எடுக்காமல் அவள் கைகளையே பார்த்தார்.

மற்றவர்கள் பூவை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து பிளேடால் பிளந்தார்கள். அதுதான் எளிது, நான் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததும் அதுதான். அவள் காம்பை இடுக்கியால் பிடித்து மெழுகில் கிடத்தினாள். இரண்டு குண்டூசிகளை இருபுறமும் சாய்த்துக் குத்தினாள். பிறகுதான் பிளேடு. பக்கத்து மேசைகளில் படம் வரையத் தொடங்கிவிட்டார்கள். அவள் இன்னும் ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

அரளியின் பால் இடுக்கியில் ஒட்டிக்கொண்டது. ஒரு தடவை அவள் உதறியதில் இரண்டாவது பூ இடுக்கியிலிருந்து கழன்று, மேசை விளிம்பை நோக்கி அவள் மடிப்பக்கமாக உருண்டது. விழுகிற பொருளைப் பிடிக்க யாருக்கும் கை தானாகப் போகும். அவள் கையும் போனது. மரத்தடியில் அவள் அப்பா ஓரடி முன்னால் வந்தார். பாதி வழியில் அவள் கையை இழுத்துக்கொண்டாள். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். பூ தரையில் விழுந்தது. தரைப் புழுதி ஒட்டிய அதை எடுக்க அவள் குனியவில்லை.

இருந்த இரண்டில் ஒன்று போய்விட்டது. மிச்சம் ஒரு பூவில் நீளவெட்டும் வேண்டும், சூற்பையின் குறுக்குவெட்டும் வேண்டும். ஒரு வெட்டு பிசகினால் எதுவும் மிஞ்சாது. அருகே போகவோ எதையும் சொல்லவோ எனக்கு அனுமதி இல்லை. ஈரப் புடவை உடம்பில் ஒட்ட, சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் அவசரப்படவில்லை. முதலில் நீளவெட்டுப் படத்தை முடித்தாள். பிறகு பிளந்த பாதியிலிருந்து சூற்பையை ஊசியால் விலக்கி, இன்னொரு ஊசியால் அழுத்திக்கொண்டு குறுக்கே அறுத்தாள். அரைச் சூற்பைதான், மறுபாதியை யோசித்து வரைய வேண்டும். லென்ஸை வைத்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்தாள். இறுதி மணி அடித்தபோது பாகங்களின் பெயர்களில் இரண்டு எழுதாமல் இருந்தன. தாளைக் கொடுத்துவிட்டாள்.

வெளியே வந்தவள் நேராக வேப்ப மரத்தடிக்குப் போய் இரண்டு கைகளையும் நீட்டினாள். உள்ளங்கை, பிறகு புறங்கை.

"தொடலைப்பா."

"பாத்துக்கினுதானே இருந்தேன்," என்றார். கைகளை அவர் பார்க்கவே இல்லை. "இவ்ளோ நேரம் நின்னதுல காலு மரத்துப்போச்சு." பிறகு குழாயடியைக் காட்டினார். "இருந்தாலும் தலைக்கு ஒரு வாளி ஊத்திக்கோ."

"ரெண்டா ஊத்திக்கறேன். பசிக்குதுப்பா, சீக்கிரம் போலாம்."

செவ்வாய்க்கிழமை புடவை அறுத்துக் கொடுக்கப்பட்டது என்று பிறகு தெரிந்தது. பார்வையாளரின் அறிக்கையில் எங்கள் மையத்துக்குக் குறை எதுவும் எழுதப்படவில்லை. தரையில் விழுந்த பூவை நான் துடைப்பத்தால் எடுத்துப் போட்டேன். உதவியாளர் தொடமாட்டேன் என்றுவிட்டார்.

முடிவு வர இரண்டு மாதங்கள் ஆயின. எங்கள் மையத்திலிருந்து நேர்முகத்துக்கு மூன்று எண்கள் வந்திருந்தன. அவளுடையது மூன்றாவது. நேர்முகம் சென்னையில். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பிள்ளையார்பாளையம் போகும் வழியெல்லாம், என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

அவள் அப்பா தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். மகள் மறுகரையில் கையில் நாடாவோடு காத்திருந்தாள். மெட்ராஸ் என்று வந்து நிற்காதீர்கள் என்று அன்று அவர் சொன்னது என் நினைவில் இருந்த அளவுக்கு அவர் நினைவிலும் இருந்திருக்கும்.

"போற நாளு அமாவாசையா பாத்து வெச்சிருக்காங்களா?" என்றார் கடைசியில்.

"இல்லை," என்றேன்.

"சரி, போவட்டும். நானே பஸ்ஸுல கூட்டிக்கினு போறேன்." நாடாவைக் கையில் எடுத்தார். தள்ளுவதற்கு முன் என்னைப் பார்த்தார். "ஆனா டீச்சர், அவங்களுக்கு ஒரு லெட்டர் போட்டுடுங்க. அங்க பூ வெப்பாங்களா, வெச்சா எங்கேந்து பறிப்பாங்கன்னு கேட்டுச் சொல்லிடுங்க."

அன்று மாலையே எழுதினேன். நேர்முகத்தில் பூ வைப்பதில்லை என்று பதில் வந்தது.